செப்பாங்கின் நீண்ட நடை: ஏழு நாள் குறிப்புகள்

6 நவம்பர் 2025, வியாழன் – திருச்சி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வாழும் சித்தியைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தீபாவளிக்கு மறுநாள் அம்மா சொன்னார். அவருக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால் வீட்டுப் படியில் ஏறும்போதே சுவரைப் பிடித்துக்கொள்வார். தங்கையைப் பார்க்கும் ஆசை அந்த வலியைவிடப் பெரிதாக இருந்ததால், திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு என்று மலிவுக் கட்டணத்தில் கிடைத்த பயணச்சீட்டுகளை எடுத்தேன். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் கட்டடப் பராமரிப்பைக் கவனித்துவருகிறேன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கூரையில் நீர்க்கறை படிந்திருக்கிறதா, மிதிக்கும் டைல்ஸ் அடியில் காலியாக ஒலிக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் குறிப்புகளிலும் அந்தப் பார்வையே மிகுதியாக இருக்கும்.

மாலையிலிருந்து விடாத மழை. திருச்சியின் புதிய முனையத்தை 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பயணிகள் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. திருவரங்கத்துக் கோபுரத்தின் சாயலையும் சுவர்களில் உள்ள வண்ண ஓவியங்களையும் அம்மா நெடுநேரம் நின்று பார்த்தார். பழைய கட்டடத்தில் வழியனுப்ப வந்த குடும்பங்களும் பெட்டிகளும் வாசலிலேயே நெருக்கியடித்து நின்றதை நினைத்துக்கொண்டால், இந்த உயரமான கூடமும் அகன்ற நடைவழியும் நம் ஊர்க்காரர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்கவேண்டியவை என்றுதான் தோன்றுகிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் தொடக்கம் முதலே இந்த ஊரின் விமானங்களை நிரப்பிவருகிறார்கள்.

கைப்பையின் எடை 7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. எடைப் பலகையில் அம்மாவின் பை 8 கிலோ 400 கிராம் காட்டியது. உள்ளே முறுக்கு, இட்லிப் பொடி, சித்திக்காக அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் இருந்தன. பதிவு மேசையில் இருந்த பெண், “அம்மா, ஊறுகாயைப் பெரிய பெட்டிக்கு மாத்திடுங்க. கையிலே கொண்டுபோனா சோதனையிலே எடுத்துடுவாங்க” என்று சொல்லி, பின்னால் வரிசையில் நின்றவர்களை ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னார். அவர்களும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் பெட்டியின் கயிற்றை மீண்டும் கட்டுவதற்கு, அவர்களில் ஒரு பெரியவர் குனிந்து கை கொடுத்தார்.

சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யலாமா என்று சீட்டு எடுக்கும்போதே அம்மாவிடம் கேட்டிருந்தேன். “நான் என்ன நோயாளியா?” என்று மறுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அது தவறு என்று மறுநாள் காலையில் தெரிந்துகொண்டேன்.

7 நவம்பர், வெள்ளி – கோலாலம்பூர், முனையம் 2

ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. விமானம் நின்றபோது உள்ளூர் நேரம் காலை ஏழு. கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் செப்பாங்கின் எண்ணெய்ப்பனைத் தோப்புகளுக்கு மேல் மூடுபனி கிடந்தது.

இந்த முனையம் 2014 மே 2 அன்று திறக்கப்பட்டது. கேஎல்ஐஏ2 என்று வழங்கிவந்த பெயரை 2023-இல் முனையம் 2 என்று மாற்றினார்கள். மலிவுக் கட்டண விமானங்களுக்கென்றே கட்டப்பட்ட முனையங்களில் உலகிலேயே பெரியது என்ற சிறப்போடு, ஆண்டுக்கு 4.5 கோடிப் பயணிகளைத் தாங்கும் அளவில் திட்டமிட்டார்கள். பன்னாட்டு விமானங்களில் பல, முதன்மைக் கட்டடத்திலிருந்து விலகி நிற்கும் துணைக் கட்டடத்தின் பி, கியூ வரிசை வாயில்களில் வந்து நிற்கின்றன. இரண்டு கட்டடங்களையும் இணைப்பது சுமார் 300 மீட்டர் நீளமுள்ள உயர்ந்த நடைபாலம். அதன் அடியில் விமானங்கள் ஊர்ந்து செல்லவேண்டும் என்பதால் அதை அவ்வளவு உயரத்தில் அமைத்திருக்கிறார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ரயிலோ பேருந்தோ கிடையாது. கட்டடத்தின் வால்முனையில் இறங்குகிறவர் அதன் நீளம் முழுவதும் நடந்து, மேலேறி, பாலத்தைக் கடந்து, மறுபடி இறங்கித்தான் கடவுச்சீட்டைச் சோதிக்கும் குடிநுழைவு வரிசையை அடையமுடியும்.

நாங்கள் இறங்கியது கியூ வரிசையின் கடைசிக்கு அருகில். நகரும் நடைபாதைகள் இடையிடையே வருகின்றன. அவை முடியும் இடத்தில் நடை தொடர்கிறது. முதல் பத்து நிமிடம் அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு இருக்கையில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் வலது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சேலைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. எங்களோடு இறங்கிய கூட்டம் கடந்து போய், நடைவழி வெறிச்சோடியது. அப்போது தரை துடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஓர் அம்மையார் நின்று, எங்களைப் பார்த்துத் தமிழில், “பசியாறிட்டீங்களா, அம்மா?” என்று கேட்டார். காலை உணவு உண்டாயிற்றா என்பதை மலேசியத் தமிழர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ‘சாப்பிட்டாச்சா’ என்றே கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு அந்தச் சொல் எவ்வளவு இதமாக இருக்கிறது! பாலத்துக்கு மின்தூக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் காட்டி, “படியிலே ஏறாதீங்க, மெதுவா போங்க, வரிசை எங்கேயும் ஓடிடாது” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். விமானக் கதவிலிருந்து குடிநுழைவு மேசை வரை எங்களுக்கு 45 நிமிடம் ஆயிற்று. என் கைப்பேசி 1,640 காலடிகளைக் கணக்கிட்டிருந்தது.

2011-இல் அலுவலக நண்பர்களோடு இந்த ஊருக்கு வந்தபோது நான் இறங்கியது பழைய மலிவுக் கட்டண முனையத்தில். அது 2006-இல் ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகளுக்கென்று தொடங்கி, பின்னர் 1.5 கோடிக்கு விரிவாக்கப்பட்ட, கிடங்கைப் போன்ற தாழ்வான கட்டடம். விமானத்திலிருந்து படியில் இறங்கித் தார்த்தளத்திலேயே நடந்துபோனோம். மழை வந்தால் நனையவேண்டும். வெயிலில் தரையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். ஆனால் இறங்கிய பத்தாம் நிமிடம் கட்டடத்துக்குள் இருந்தோம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் விரும்பியதும் அதைத்தான். முன் கதவிலும் பின் கதவிலும் படிகளை வைத்துப் பயணிகளை இறக்கி, 25 நிமிடத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்புவதே அவர்கள் தொழிலின் அடிப்படை. விமானக் கதவைக் கட்டடத்தோடு சேர்க்கும் இணைப்புப் பாலங்களே வேண்டாம் என்று முதன்மைப் பயனாளரான ஏர்ஏசியா வாதிட்டதும், கட்டியவர்கள் 80 பாலங்களை வைத்ததும் அந்நாட்டில் பலரும் அறிந்த செய்தி. தொடக்கத்தில் பேசப்பட்ட செலவு ஏறத்தாழ இரு மடங்காகி 400 கோடி ரிங்கிட்டில் முடிந்தது. 2011-இல் திறக்கவேண்டியதை 2014-இல் திறந்தார்கள். 2018-இல் தென்கிழக்காசியாவுக்கு வெளியே செல்லும் பன்னாட்டுப் பயணிகளுக்கான சேவைக் கட்டணம் 50 ரிங்கிட்டிலிருந்து 73 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, கூடுதலான 23 ரிங்கிட்டை வசூலிக்க அந்நிறுவனம் மறுத்ததால் விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது.

இணைப்புப் பாலம் வேண்டாம் என்ற வாதத்தை என்னால் ஏற்கமுடியவில்லை. அம்மாவால் விமானத்தின் படிகளில் இறங்கியிருக்கமுடியாது. அதே நேரத்தில், பாலத்தைக் கொடுத்துவிட்டு அதன் மறுமுனையில் இவ்வளவு நீண்ட நடையை வைத்தால், முழங்கால் வலிக்காரருக்குக் கிடைத்த நன்மை பாதியாகிவிடுகிறது. கட்டடம் பெரிதாகும்போது அதன் நீளத்தை யார் கால்கள் சுமக்கப்போகின்றன என்ற கேள்வி, வரைபடம் போடும் மேசையிலேயே எழவேண்டும்.

வெளியே வந்ததும் வணிக வளாகம் தொடங்குகிறது. பேருந்துக்கும் ரயிலுக்கும் போகிறவர் எவரும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். ‘மாமாக்’ என்று அங்கே சொல்லப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் பசியாறினோம். பரோட்டாவைப் போன்ற ரொட்டி சானாய் ஒன்று 3 ரிங்கிட் 50 சென், இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் 4 ரிங்கிட். ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 21 ரூபாய் என்பதால் அம்மா ஒவ்வொரு விலையையும் ரூபாயாக்கிப் பார்த்து வருந்தினார். ஆனால் ரொட்டி மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து, பருப்புக் குழம்பில் தோய்ந்து, நாக்கில் கரைந்தது. இரண்டாவது ரொட்டியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பினாங்கு விமானம் மாலை நான்கு மணிக்கு. உள்நாட்டு விமானங்கள் முதன்மைக் கட்டடத்தை ஒட்டிய ஜே, கே வரிசைகளிலிருந்து புறப்படுவதால் பாலம் ஏறவேண்டியதில்லை. மூன்றரை மணிக்கு வானம் கறுத்தது. உலகில் மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் இதுவும் ஒன்று. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பெட்டி ஏற்றுகிறவர்கள், எரிபொருள் நிரப்புகிறவர்கள் அனைவரும் வண்டிகளை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். திறந்த தளத்தில் உலோகத்தின் அருகே நிற்கும் மனிதர்களின் உயிர் அது. எங்களுக்கு நேர்ந்த ஒரு மணி ஐம்பது நிமிடத் தாமதத்தை நான் குறையாகவே எண்ணவில்லை. காத்திருந்தவர்களில் ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மின்னலை எண்ணினார்கள்.

நான் கண்ணாடி வழியாகத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த சில மாதங்களிலேயே இந்தத் தளத்தில் நீர் தேங்கியதும் தரை அமுங்கியதும் பெரிய விவாதமாயின. இது மென்மண் நிலம். ஆழ்தூண்களின் மேல் நிற்கும் கட்டடம் அசையாமல் இருக்க, நிரப்பிய மண்ணின் மேல் கிடக்கும் தளம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அமுங்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளம் விழும். அதில் மழைநீர் நிற்கும். எங்கள் கல்லூரியின் நூலகத்துக்கும் அதன் முற்றத்துக்கும் இடையே மூன்று அங்குல அளவில் நான் கண்ட அதே நோய்தான் இங்கே பல ஏக்கர் அளவில் வந்தது. இன்று கொட்டிய மழையில் எங்கள் எதிரே இருந்த நிறுத்தத்தில் நீர் வடிகாலை நோக்கி ஓடியதைக் கண்டு உண்மையாகவே மகிழ்ந்தேன். இத்தகைய மண்ணில் பராமரிப்பு ஒருபோதும் முடிவதில்லை. சமன்செய்தவர்கள் அடுத்த ஆண்டும் மட்டக்கருவியோடு வந்து அளந்தாகவேண்டும்.

பினாங்கு சேர்ந்தபோது இரவு ஏழரை மணி. சித்தி வாசலிலேயே நின்றார்.

8 முதல் 10 நவம்பர் வரை – பட்டர்வொர்த், பினாங்கு

அக்காவும் தங்கையும் பேசி முடிக்க மூன்று நாள் போதவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒரு மதியம் நாசி கண்டார் சாப்பிட்டோம். தோளில் தடி வைத்து இருபுறமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த உணவு அது. தடிக்கான பெயரே உணவின் பெயராகிவிட்டது. இரண்டு பேருக்கு 31 ரிங்கிட். குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதை அம்மா வியப்போடு பார்த்தார்.

பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலையத்தின் விரிவாக்க வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 65 லட்சம் பேருக்கென அமைந்த கட்டடம் அதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன, 1.2 கோடிக்கு உயர்த்துகிறார்கள். ஒரு நாள்கூட மூடமுடியாத கட்டடத்தை விரிவாக்குவது, ஓடும் பேருந்தில் சக்கரம் மாற்றுவதைப் போன்ற வேலை. தடுப்புப் பலகைகளின் பின்னால் வேலை நடக்க, முன்னால் மக்கள் பெட்டிகளோடு வளைந்து செல்லவேண்டியிருக்கிறது. எங்களை விட்டுச்செல்ல வந்த டாக்சி ஓட்டுநர் செப்பாங் பக்கத்திலிருந்து இங்கே குடியேறியவர். “எங்க அப்பா அங்கே தோட்டத்திலே பால் மரம் வெட்டினவரு. இப்ப அந்த இடத்துலேதான் விமானம் ஓடுது” என்றார். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதன் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

11 நவம்பர், செவ்வாய் – மீண்டும் முனையம் 2, இரவு

திருச்சி விமானம் மறுநாள் காலையில்தான். இடி மழையால் இணைப்பைத் தவறவிடக்கூடாது என்று முன்னிரவிலேயே செப்பாங் வந்துவிட்டோம். கப்பல் கொள்கலன்களை அடுக்கி அமைத்த சிறு படுக்கையறைகள் வளாகத்தின் கீழ்த்தளத்தில் உள்ளன. அன்று அவை நிரம்பிவிட்டிருந்தன. முன்கூட்டியே பதிவு செய்யாதது என் பிழை. கைப்பிடி இல்லாத நீண்ட இருக்கை ஒன்றைத் தேடி அம்மாவைப் படுக்கவைத்தேன். குளிர்சாதனத்தின் குளிர் எலும்பு வரை இறங்கியது. சித்தி கொடுத்தனுப்பிய போர்வை இல்லாவிட்டால் அவரால் உறங்கியிருக்கமுடியாது. எங்களைச் சுற்றிலும் குறைந்தது நாற்பது பேர் தரையிலும் இருக்கையிலும் படுத்திருந்தார்கள். இந்தோனேசியத் தொழிலாளர்களின் குழு ஒன்று காலணிகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் படுத்திருந்தது. நடு இரவுக்கும் விடியலுக்கும் இடையே விலை குறைந்த விமானங்கள் பறப்பதால், அவற்றை நம்பும் மனிதர்களுக்கு முனையமே சத்திரமாகிவிடுகிறது. அதைக் கட்டுகிறவர்கள் உணவுக் கடைகளுக்கு ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது கால் நீட்டிப் படுக்கும் இருக்கைகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அதிகாலை இரண்டு மணிக்கு, எங்களுக்கு எதிரே இருந்த நகரும் நடைபாதையை நிறுத்திவிட்டு மூன்று பேர் அதன் முனையைத் திறந்தார்கள். நான் எழுந்துபோய் நின்றேன். முதலில் மஞ்சள் தடுப்புகளை வைத்தார்கள். பிறகு, பாதை தரைக்குள் நுழையும் இடத்தில் பல்வரிசை போல இருக்கும் சீப்புத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, அதைத் துணியின் மேல் எடுத்து வைத்தார்கள். ஒரு பல் முறிந்திருந்தது. உள்ளே கிடந்தவற்றை இளைஞர் ஒருவர் சிறு தூரிகையால் வாரி எடுத்தார்: பெட்டிச் சக்கரத்தின் கறுப்பு ரப்பர் துண்டுகள், இரண்டு இருபது சென் நாணயங்கள், தலைமுடிக் கிளிப், ஒரு குழந்தையின் காலணிப் பொத்தான், கைப்பிடி அளவு தூசு. மேற்பார்வையாளர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். நானும் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “ஆளு நடந்தா ஒண்ணும் ஆகாது சார். பெட்டிச் சக்கரத்துல ஒரு சின்னக் கல்லு மாட்டியிருந்தா போதும், பல்லு போயிடும். ஒரு பல்லு போனா அந்த இடுக்குல செருப்பு நுனி மாட்டும். அதனாலதான் பல்லு போன அன்னைக்கே மாத்திடணும்” என்றார். உறங்கும் மனிதர்களை எழுப்பிவிடாதபடி அவர்கள் ஸ்பேனரைத் தரையில் போடாமல் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டதை நான் கவனித்தேன்.

பேச்சு முதல் முனையத்தின் ஏரோட்ரெயின் பக்கம் திரும்பியது. 1998-இல் முனையத்தோடு தொடங்கிய அந்தத் தானியங்கி ரயில் 2023 மார்ச் மாதத்தில் வழியில் நின்று, பயணிகள் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வரவேண்டியதாயிற்று. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேருந்துகளே ஓடின. புதிய ரயில் இந்த ஆண்டு ஜூலை 1 அன்றுதான் வந்தது. “புதுசா கட்டினா மந்திரி வருவாரு, நாடா வெட்டுவாரு. பழுது பாக்கிறதுக்கு யாரும் வரமாட்டாங்க” என்று அவர் சொன்னதில் கசப்பு இல்லை, பல ஆண்டு அனுபவத்தைச் சொன்னார். எங்கள் கல்லூரியில் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் போடும்போது புதிய அரங்கத்துக்கு ஒரே கூட்டத்தில் ஒப்புதல் கிடைக்கும். பழைய விடுதியின் குழாய்களுக்கு நான் மூன்று முறை எழுதவேண்டியிருக்கும். அதை அவரிடம் சொன்னேன். மூன்றே கால் மணிக்குத் தகட்டைப் பூட்டி, பாதையை ஓடவிட்டு, தம் கைக்குட்டையை அதன் முனையில் போட்டு அது தடங்கலின்றி மேலேறி வருகிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் தடுப்புகளை எடுத்தார்.

12 நவம்பர், புதன் – செப்பாங், திருச்சி, தஞ்சாவூர்

இந்த முறை சித்தியின் மகனே சக்கர நாற்காலிக்கு முன்கூட்டிப் பதிவு செய்திருந்தார். உதவிக்கு வந்த இளைஞர் அம்மாவின் கால்களை மிதிபலகையில் தாமே எடுத்து வைத்து, சேலை சக்கரத்தில் படாமல் ஒதுக்கிவிட்டார். மின்தூக்கிகள் எங்கே, சரிவுப்பாதை எங்கே என்று ஒவ்வோர் அங்குலமும் அவருக்குத் தெரிந்திருந்தது. போகும்போது ஒரு யுகமாகத் தோன்றிய அந்தப் பாலம், நாற்காலியில் நான்கு நிமிடத்தில் கடந்துபோயிற்று. நடுவில் அவர் தாமாகவே நிறுத்தினார். கீழே சிவப்பு விமானம் ஒன்று எங்கள் கால்களுக்கு அடியில் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் இரவு மழையின் நீர் இன்னும் உலராமல் கோடு கோடாக நடுங்கியது. அம்மா முன்னால் சாய்ந்து, வால் முழுவதும் மறையும் வரை பார்த்தார். ஐந்து நாள்களுக்கு முன் இதே இடத்தில் அவர் தரையைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்கவில்லை.

திருச்சியில் இறங்கியபோது காலை பத்தரை மணி. மழை விட்டு வெயில் அடித்தது. தஞ்சாவூர் வரும் வழியில் வல்லத்தில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது சித்தி அழைத்தார். பொங்கலுக்குத் தாம் இங்கே வர நினைப்பதாகவும், அதே முனையம் வழியாகத்தான் வரவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அம்மா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, “சீட்டு எடுக்கிற அன்னைக்கே நாற்காலிக்கும் சொல்லிடு. வேணாம்னு சொல்லாதே. நான் அப்படிச் சொல்லித்தான் அன்னைக்கு அந்தப் பாலத்திலே ஒண்ணுமே பாக்கலை” என்றார்.